கையுறை ரத்னம்மாவை நான் வளர்த்த கதை

பெண் தொழில்முனைவோரை வளர்த்துவிடுவது என் வேலை. சொந்தமாக ஒரு பெட்டிக்கடைகூட நடத்தியிராததுதான் அதற்கு என் தகுதி. பிறருக்கு யோசனை சொல்லிச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

ஐந்தாண்டுக் கனவு

ஓசூரில் முதல் பயிற்சி வகுப்பு. கடைசி வரிசையில் ரத்னம்மா. கர்நாடக எல்லையோரத்துத் தளிப் பக்கத்துக்காரர். வீட்டில் நாலு தையல் மிஷின் போட்டு, ஃபேக்டரிகளுக்குத் துணிக் கையுறை தைத்துத் தருகிறவர்.

பேச்சு சுவாரசியத்தில் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. "எல்லாரும் கண்ணை மூடுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?" என்றேன். எல்லோரும் மூடினார்கள். ரத்னம்மா மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு வருஷம் இருக்கட்டும் சார். அஞ்சு மணி தளி பஸ்ஸ விட்டா நான் இங்கியேதான் இருப்பேன்."

முத்திரை

பெயரில்லாத பொருள் விற்காது என்பது எங்கள் அலுவலகத்தின் நம்பிக்கை. பெங்களூரில் ஆள் பிடித்து, சிரிக்கும் பெண் முகம் ஒன்றை வரையவைத்தோம். ஒவ்வொரு கையுறையின் முதுகிலும் அதை அச்சடிக்க வேண்டும் என்று படத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். ரத்னம்மாவுக்கு மறுப்பு மட்டும் கன்னடத்தில்தான் வரும்.

"பேடா சார். போட்ட அரை மணியில கிரீஸு ஆயிடும். வர்றவன் போறவன் எல்லாம் அந்தம்மா மூஞ்சியில கை தொடைக்கறதா?"

முதலாளி யார்?

பிறகுதான் நிஜமான தலைவலி வந்தது. அவருடைய பெரிய வாடிக்கையான ஒரு தொழிற்சாலை, கையுறையின் கட்டைவிரல் தையல் பிரிகிறது, இனி வேண்டாம் என்றது. அது போனால் நாலு மிஷினில் மூன்று சும்மா நிற்கும். தைக்க வரும் பெண்கள் வேறு வேலை தேட வேண்டும். பேசிப் பார்க்க ரத்னம்மாவைக் கணவர் பைக்கில் அந்தத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார், நானும் போனேன்.

கொள்முதல் அதிகாரி கணவரைப் பார்த்துத்தான் பேசினார். என்ன நூல், எத்தனை தையல் என்று கேள்வி அங்கே போகும். பதில் ரத்னம்மாவிடமிருந்து வரும். அடுத்த கேள்வி மறுபடி கணவருக்கே. நான் பெண் அதிகாரம் பற்றிப் பேசத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் ரத்னம்மா, உள்ளே வேலை நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று அனுமதி வாங்கிப் போனார். ஆட்கள் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தே கையுறையைக் கழற்றுவதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். திரும்பி வந்து, அந்த இடத்தில் இரட்டைத் தையல் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

அதிகாரி கணவரிடம், "எப்ப தருவீங்க?" என்றார்.

"நான் வண்டி ஓட்ட வந்தவன் சார். அவங்ககிட்டயே கேளுங்க, எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

மேடை

இரட்டைத் தையல் பிரியவில்லை. ஆர்டர் தங்கியது, மிஷின்கள் ஆறாயின. எங்கள் அலுவலகம் கிருஷ்ணகிரியில் விழா எடுத்து ரத்னம்மாவை மேடையேற்றியது. உங்கள் வளர்ச்சிக்கு இவர் என்ன செய்தார் என்று என்னைக் காட்டிக் கேட்டார்கள். அவர் மைக்கை வாங்கினார்.

"சார் ரொம்ப நல்லவரு. நாம சொன்னா கேட்டுக்குவாரு. எந்த வேலைக்கும் குறுக்க வரமாட்டாரு."

இதை 'தடையற்ற சூழலை உருவாக்கினார்' என்று தலைமையகம் அறிக்கையில் எழுதி எனக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டதால், என் முயற்சியால் வளர்ந்தவர் பட்டியலில் இப்போதைக்கு உறுதியாக நிற்பது நான் ஒருவன்தான்.