இரண்டு மணி ரீடிங்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். எங்கள் கம்பெனி லைனில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெண் டாய்லெட் பக்கம் எதையோ பார்த்தேன் என்று மயங்கி விழுவாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்தால் பேய் என்ன, பேயோட மாமியார்கூடத் தெரியும், போய்ச் சாப்பிட்டுத் தூங்கு என்று சொல்கிற ஆள் நான். இதைப் படித்துவிட்டு நீங்களும் என்னிடம் அதைத்தான் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் எனக்கு நடந்தது பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில். பயமுறுத்த எழுதவில்லை. எனக்கு அதற்கெல்லாம் தெம்பும் இல்லை.

நான் பென்னலூர். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் குவாலிட்டி செக்கிங். வேலை பார்த்துக்கொண்டே பார்ட் டைமில் சிவில் இன்ஜினியரிங் படித்தேன். அந்த ஜூனுக்குள் டிகிரி கையில் இருந்தால் பெர்மனென்ட் ட்ரெயினி போஸ்ட் தருகிறேன் என்று ஹெச்.ஆர். சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் அதே லைன், அதே கான்ட்ராக்ட், அதே நிற்பு. கால் நரம்பு சுருண்டு போய்க் கிடந்த எனக்கு அந்த டிகிரி எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

மிச்சம் இருந்தது புராஜெக்ட் மட்டும்தான். அதில் என் பார்ட்னர் அந்தோணி. வல்லம் வடகால்காரன், என் வயசுதான், மொபைல் டவர்களில் ஏறி ஆன்டெனா மாட்டுகிற வேலை. டவர்தான் அவனுக்குச் சோறு போடுகிறது என்பதால் புராஜெக்டும் டவர் பற்றியே எடுத்தோம். இரும்பு டவர் வெயிலில் சாயும். நிஜமாகத்தான். வெயில் படுகிற பக்கத்து இரும்பு நீளும், டவர் எதிர்ப்பக்கம் சில மில்லிமீட்டர் வளையும், சாயங்காலம் பழையபடி திரும்பும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அரை மணிக்கு ஒருமுறை அளந்து அந்த வளைவை வரைய வேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி.

எங்கள் கைடு சார் இரண்டு விஷயத்தில் கறார். முதலாவது, காலையில் நிறுத்திய கருவியை மாலை வரை அசைக்கக் கூடாது. ஒரு நூல் அசைந்தாலும் அன்றைய ரீடிங் முழுக்கக் குப்பை. இரண்டாவது, அளக்கும்போது டவர் மேல் எது இருந்தாலும், ஆளோ பறவையோ, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று குறிப்பில் எழுத வேண்டும், ஏனென்றால் அந்த எடையும் டவரை அசைக்கும்.

கருவி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. பகல் பேட்ச் பிள்ளைகளுக்குப் புது டிஜிட்டல் கருவி. ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற எங்களுக்கு காலேஜ் ஸ்டோர் ரூமில் தூசி பிடித்துக் கிடந்த, கோணம் அளக்கிற பழைய தியோடலைட். அதன் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். வானம் கீழே, தரை மேலே. டவரின் உச்சி பார்வைக்கு அடியில் கிடக்கும், மனிதர்கள் தலைகீழாகத் தொங்குவார்கள். முதலில் தலை சுற்றும். ஒரு வாரம் பழகினால் மனசே புரட்டிப் போட்டுப் புரிந்துகொள்ளும்.

வல்லம் வடகால் தாண்டி ஒரு காலி பிளாட்டில் கைவிட்ட மொபைல் டவர் ஒன்று நின்றது. நாற்பது மீட்டர். அடுத்த வாரம் அறுத்து எடுக்கப்போகிறார்கள் என்றார்கள். முந்தைய இரண்டு ஞாயிறும் மேகம் போட்டு வேலையைக் கெடுத்துவிட்டது. மறுநாள் திங்கள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அந்த ஒரு ஞாயிறுதான் இருந்தது. நான் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தேன்.

"இன்னா தேவி, கண்ணு ரெண்டும் பஜ்ஜி மாதிரி கீது? தூங்கவே இல்லியா?"

"ஓ.டி. போட்டுட்டானுங்க. நீ வாயை மூடிகினு ஏறுடா."

"காலையிலயே பூஜை ஆரம்பிச்சிட்டா" என்று சிரித்துக்கொண்டே அந்தோணி ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் மாட்டினான். உச்சியில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கட்ட வேண்டும். அதில் குறுக்குக் கோடு போட்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் அளப்போம். நான் எண்பது மீட்டர் தள்ளிக் கருவியைச் சமன் செய்துகொண்டிருந்தேன். மணி எட்டரை தாண்டிவிட்டது. "சீக்கிரம் கட்டுடா, வெயில் ஏறுது!" என்று தலையைத் தூக்காமலே கத்தினேன். நான் சாதாரணமாகப் பேசினாலே கத்துகிற மாதிரிதான் இருக்கும். இறங்கி வந்தவன் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். அவன் டவருக்கு முதுகு காட்டி, குடையைச் சாய்த்துப் பிடித்து உட்கார்ந்து எழுதினான். நேரங்களையெல்லாம் ஐந்து மணி வரை முன்கூட்டியே வரிசையாக எழுதி வைத்துவிட்டான், அது அவன் பழக்கம். நான் டவரின் அடியில் குறி வைத்து, கம்பியோடு மெதுவாக உச்சி வரை தொலைநோக்கியை ஏற்றிக் கோணங்களைச் சொல்வேன். பிறகு அரை மணி கண்ணை மூடிக்கொள்வேன். நடுவில் எதையும் பார்ப்பதில்லை.

பன்னிரண்டு மணி ரீடிங்கில் உச்சி மேடையை ஒட்டி ஒரு ஆள் இருந்தான். மஞ்சள் ஹெல்மெட்.

"டேய், மேல ஒரு ஆள் கீறான்."

"அறுக்க வந்த கான்ட்ராக்ட் ஆளா இருக்கும். அட்டைய கழட்டாம இருந்தா சரி. ஆங்கிள் சொல்லு, எழுதிக்கிறேன்."

ஹெல்மெட்டுக்குக் குறி வைத்துக் கோணத்தைச் சொன்னேன். எழுதினான். நிமிர்ந்து வெறும் கண்ணால் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மேலே பார்த்தாலே வெயிலில் கண் கூசியது. முந்தின நாளிலிருந்து தூக்கமில்லாதவளுக்கு அடுத்தவன் எதற்கு ஏறினான் என்ற அக்கறை எங்கிருந்து வரும்?

பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் கீழே இருந்தான். ஒரு மணிக்கு இன்னும் கீழே. இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டி, ஏணியைப் பிடிக்கப்போகிறவன் மாதிரி. அசையவில்லை. இரண்டு தடவையும் ஹெல்மெட்டுக்குக் கோணம் சொன்னேன்.

"இன்னும் இறங்கறானா?" அந்தோணி எலுமிச்சை சாதத்தை மென்றுகொண்டே சிரித்தான். "எனக்கு பத்து நிமிஷம் ஆவாது. இவன் இன்னா, ஒவ்வொரு கம்பிகிட்டயும் குசலம் விசாரிச்சிகினு வரானா?"

நானும் சிரித்தேன்.

ஒன்றரை மணி. பாதி உயரத்துக்கும் கீழே வந்திருந்தான். கோணத்தைச் சொல்லிவிட்டேன், அந்தோணி எழுதியும்விட்டான். அப்போது ஒரு காக்கா பறந்து வந்து அந்த ஆளின் பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்தது. அந்தக் கருவியில் காக்கா எப்படித் தெரியுமோ அப்படித்தான் தெரிந்தது, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு.

ஆனால் அவன் நேராக இருந்தான். தலை மேலே, கால் கீழே.

எல்லாம் தலைகீழாகத் தெரிகிற கண்ணாடியில் ஒருத்தன் நேராகத் தெரிகிறான் என்றால் என்ன அர்த்தம்? பன்னிரண்டு மணியிலிருந்து என் மனசு அவன் இருந்த இடத்தை மட்டும் புரட்டிப் போட்டிருக்கிறது, ஆளைப் புரட்டவில்லை. அவன் இறங்கவில்லை. தலை கீழே, கால் மேலே, கை இரண்டும் தரையைப் பார்த்து நீட்டியபடி விழுந்துகொண்டிருந்தான். ஒன்றரை மணி நேரமாக.

நிமிர்ந்து பார்த்தேன். டவர் காலி. காக்கா மட்டும் உட்கார்ந்திருந்தது. மறுபடி கண்ணாடியில் பார்த்தேன். காக்கா இருந்தது, அவன் இல்லை. தொலைநோக்கியை உச்சிக்கு ஏற்றினேன், எங்கும் இல்லை. உச்சியில் எங்கள் அட்டையின் ஒரு பக்கக் கம்பி அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"அட்டை அவுந்துடுச்சு" என்று என் வாய் சொல்லிவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது.

அந்தோணி கையைத் துடைத்துக்கொண்டு பெல்ட்டை எடுத்தான். "அஞ்சு நிமிஷம். ரெண்டு மணி ரீடிங்குக்குள்ள கட்டிட்டு வந்துடறேன்."

"வேணாம்டா. ஏறாத."

"அட்டை இல்லாம எத்த பாத்து அளப்ப? உன் மூஞ்சியவா?"

"ஏறாதன்னா ஏறாத. அங்க ஒருத்தன் விழுந்துகினு இருந்தான்."

திரும்பி டவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "தேவி, நீ போய் நிழல்ல படு. தூக்கம் உன் மண்டைக்கு ஏறிடுச்சு." சொல்லிவிட்டு நடந்தான். கத்தினேன், கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டுப் போனான். அவன் பிடிவாதமும் நியாயம்தான். அவனுக்கும் அது ஒரே ஞாயிறு.

ஏணியின் முதல் படியில் காலை வைத்துவிட்டான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டே ட்ரைபாடின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிக் கருவியோடு வேறு பக்கம் நகர்த்தி வைத்தேன். காலை ஒன்பதிலிருந்து எடுத்த அத்தனை ரீடிங்கும் அந்த நொடியில் செத்துப்போனது. இனி அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஏறுவதற்குக் காரணமே இல்லை.

"ஏய்!" ஓடி வந்தான். "இன்னா பண்ணிட்ட நீ? லூசா? நாளைக்கு சப்மிஷன், இன்னாத்த குடுப்ப? உனக்கு பெர்மனென்ட் வேணாம்னா எனக்குமா டிகிரி வேணாம்?"

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் அசிங்கமாகத் திட்டிக்கொண்டே சாமான்களைக் கட்டினான். ட்ரைபாட் காலை மடக்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினான்.

"இன்னா சவுண்டு அது?"

"எது?"

"இன்னாமோ தொப்புனு விழுந்துச்சே. உனக்குக் கேக்கல?"

எனக்குக் கேட்டது தூரத்தில் போன கன்டெய்னர் லாரி மட்டும்தான். அவன் டவர் அடி வரை போய்ச் சுற்றிப் பார்த்தான். புல்கூட மடங்கவில்லை. திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது. ஃபோனைப் பார்த்தேன். சரியாக இரண்டு மணி.

கைடு சார் கையெழுத்துப் போடவில்லை. அவரிடம் என்னவென்று சொல்வது? வெயிலில் மயங்கிக் கருவியைத் தட்டிவிட்டேன் என்றேன். ட்ரெயினி போஸ்ட் வேறு ஒருத்திக்குப் போனது. நான் இன்னும் அதே லைனில்தான் நிற்கிறேன். அந்தோணி அடுத்த செமஸ்டரில் வேறு டீமோடு சேர்ந்து பாஸாகிவிட்டான். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்தோணி ரீடிங் எழுதிய ஃபீல்டு புக்கைக் கிழித்துப் போடலாம் என்று ஒருநாள் எடுத்தேன். கிழிப்பதற்கு முன்னால் சும்மா இருக்காமல் அந்த நான்கு கோணங்களையும் உயரமாகக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு மணிக்கு ஹெல்மெட் நாற்பது மீட்டரில். அடுத்த அரை மணியில் இரண்டரை மீட்டர் இறங்கியிருக்கிறது. அதற்கடுத்து ஏழரை. அதற்கடுத்து பன்னிரண்டரை. ஒன்று, மூன்று, ஐந்து என்ற பங்கு. பிளஸ் ஒன் பிசிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், கையிலிருந்து விட்ட கல் இந்தக் கணக்கில்தான் விழும். மூன்று விநாடிக்குள் முடிய வேண்டிய விழுகை. அடுத்தது ஏழு பங்கு, அதாவது பதினேழரை மீட்டர். ஒன்றரை மணிக்கு அவனுக்கும் தரைக்கும் மிச்சம் இருந்ததும் பதினேழரைதான். தூக்கக் கலக்கத்தில் ஆள் தெரியலாம், ஒப்புக்கொள்கிறேன். தூக்கக் கலக்கம் இந்தக் கணக்கைப் போடுமா?

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் அந்தோணியைப் பிடித்து நோட்டை அவன் முன்னால் போட்டேன். ரொம்ப நேரம் பார்த்தான். டீ ஆறிப்போனது.

"அன்னிக்கு காலைல மேல அட்டை கட்டறப்ப பெல்ட் ஹூக்கு மாட்டல" என்றான். "நீ கீழருந்து கத்தினியா, அவசரத்துல மாட்டல. கால் வழுக்கிச்சு. முட்டி கம்பில சிக்கிகிச்சு, அதான் பொழச்சேன். ரெண்டு செகண்ட் தலைகீழா தொங்கினேன் தேவி."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"சொன்னா மறுபடி ஏற வுட்ருப்பியா?" கிளாஸைத் தள்ளி வைத்தான். "அந்த சவுண்டு நெஜமாவே உனக்குக் கேக்கல?"

இல்லை என்றேன். எழுந்து போய்விட்டான். இப்போதும் டவர் ஏறுகிறான். நான் பார்த்தது காலையில் விழாமல் போனவனையா, மதியம் விழ இருந்தவனையா, எனக்குத் தெரியாது. யோசித்து யோசித்துச் சலித்துவிட்டது.

நோட்டைக் கிழிக்கவில்லை. இரண்டு மணி என்று அவன் கையெழுத்தில் நேரம் எழுதியிருக்கிறது, குறிப்புக் கட்டம் காலி. அங்கே வர வேண்டிய கோணம் எனக்குத் தெரியும். டவரின் அடியில் குறி வைத்து அன்று அரை மணிக்கு ஒருமுறை நானே வாய்விட்டுச் சொன்ன எண்தான் அது. பத்துத் தடவையும் அந்தோணிதான் எழுதினான்.