அப்பா கவிழ்த்த கோச்சி

எங்கள் வீட்டு வளவைச் சுற்றி ஒரு கோச்சி, ரயில்தான், விடப்போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. யாரும் நம்பவில்லை என்பதுதான் காரணம். பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண் எதையாவது சொல்லிக்கொண்டுதானே இருப்பாள். மன்னார் பட்டினத்து லேத் பட்டறையில் கடைந்த சில்லுகள், இரும்புச் சக்கரங்கள், வாசலில் வந்து இறங்கிய அன்றுதான் அம்மாவுக்கு விஷயம் உறைத்தது.

"இதென்னடி, தேங்காய் துருவுற மெசினோ?"

"கோச்சிச் சில்லு அம்மா."

"கோச்சியோ? மாதாவே!" என்று அம்மா மீன் கழுவப் போய்விட்டார்.

சின்னக் கோச்சிதான், ஆனால் ஆள் ஏறி ஓடுவது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். பெட்டி என்றால் சில்லுப் பூட்டிய நீள வாங்குப் பலகை; இரண்டு பக்கமும் காலைப் போட்டு ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எஞ்சினுக்குள் இருந்தது செத்துப்போன ஸ்கூட்டர் ஒன்றின் மின்மோட்டாரும் லொறி பற்றரிகளும். அதைப் பலகையால் மூடி, அப்பாவின் படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்றைப் பூசினேன். முன்னால் நின்று பார்த்தால் கரை தட்டிய படகு மாதிரியே இருந்தது. பின்னால் நின்று பார்க்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

தலைமன்னாருக்குக் கோச்சிப் பாதை போட்டவர்கள்மீது எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். இந்த மன்னார்த் தீவில் மண் கிடையாது, மணல்தான். முதலில் போட்ட தண்டவாளம் ஒரு மழையோடு கண்ணில் படாமல் போய்விட்டது. தோண்டி எடுத்து, கீழே சல்லி கொட்டி, குறுக்குக் கட்டையாகப் பனஞ்சலாகை அடுக்கி மறுபடி போட்டேன். தெருக்கழுதை ஒன்று வந்து நடுப்பாதையில் நின்று, பெரிய எஞ்சினியர் மாதிரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் விட்டை போட்டுவிட்டுப் போனது.

வளைவுகள்தான் என் பெருமை. வளைவில் வெளிப்பக்கத்துத் தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் பெட்டி உள்பக்கம் சாய்ந்துகொண்டு வழுக்கிப் போகும். படித்த படிப்பு இந்த ஒரு விஷயத்திலாவது உதவியதே என்று கொஞ்சம் தாராளமாகவே உயர்த்திவிட்டேன். உரப்பைகளில் மணல் நிரப்பி, வாங்கில் வரிசையாக ஏற்றி, சுற்றிச் சுற்றி ஓட்டினேன். ஒரு பைகூட விழவில்லை.

இந்த நேரம் பார்த்து அப்பாவின் படகு அடியில் வெடிப்பு விட்டது. பைபர் ஒட்டுவதற்கு அதை வளவுக்குள் ஏற்ற வேண்டும். வளவு முழுக்க என் தண்டவாளம்.

"கழட்டு பிள்ளை," என்றார் அப்பா.

"ஓடுற கோச்சியப்பா இது!"

"மணல் மூட்டை ஏத்தி ஓட்டினா அது கோச்சியோ? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நாங்கள் வந்து ஏறுவம். ஆக்களோட ஒரு சுத்து முழுசாச் சுத்திச்செண்டால் கிடக்கட்டும். இல்லையெண்டால் உன்ர இரும்பெல்லாம் என்ர போட்டை இழுத்தேத்த உருளையாப் போகும்."

பல மாத உழைப்பு ஒரு சுற்றுக்குள் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அவரோடு கடலுக்குப் போகும் சித்தப்பாவும் மாமாவும் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு வந்து ஏறினார்கள். மூன்று பேருமே நல்ல உடம்புக்காரர்கள். நான் முன்னால் எஞ்சினில். நேர்ப்பாதையில் அழகாகப் போனோம். சித்தப்பா கையைத் தூக்கி வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கு ராசா மாதிரிக் காட்டினார். வளைவு வந்தது. பின்னால் 'தடால்' என்றது. திரும்பிப் பார்த்தால் பெட்டி வெளிப்பக்கம் கவிழ்ந்து கிடந்தது. மூன்று வெள்ளைச் சேட்டும் மணலில்.

"கூடின ஸ்பீட்," என்றேன். தூக்கி வைத்து, மெதுவாக, இந்த முறை திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினேன். அப்போதுதான் கண்டேன். பெட்டி உள்பக்கம் லேசாகச் சாய்ந்ததுதான் தாமதம், மூன்று பேரும் சொல்லி வைத்ததுபோல ஒரே நொடியில் வெளிப்பக்கம் சாய்ந்தார்கள். படகு ஒரு பக்கம் சரிந்தால் உடம்பு தானாக மறுபக்கம் போகும் அல்லவா, அந்தச் சாய்வு. உரப்பைகளுக்குக் கடல் தெரியாது. இவர்களுக்கு அது மட்டும்தான் தெரியும்.

"சாயாதேங்கோ!" என்று கத்தினேன்.

"நாங்கள் எங்கயடி சாயிறம்? உன்ர கோச்சிதான் சாயுது. நாங்கள் அதை நிமித்துறம்!" என்றார் மாமா. சொல்லிக்கொண்டே விழுந்தார்.

அப்பா மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, "கடல்ல இத்தனை வருசம் விழாதவன் நான். சரி, கழட்டுவம்," என்றார்.

"இன்னும் ஒருக்கால் அப்பா. ஆக்களோட எண்டுதானே சொன்னனீங்கள்? எந்த ஆக்கள் எண்டு சொல்லேல்லையே."

நான் அடுப்படிப் பக்கம் ஓடினேன். அங்கே அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் அவருடைய அக்காவும் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தும் மூன்று பேரும் வாழ்நாளில் படகில் கால் வைத்ததில்லை. எங்கள் தெருவில் பெண்கள் மீனுக்குக் காத்திருப்பார்கள், படகில் ஏறமாட்டார்கள்.

"அம்மா, வந்து ஏறுங்கோ."

"எனக்கென்ன விசரோ?"

"அப்பா போட்டில ஏத்தமாட்டார். நான் ஏத்துறன்."

அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகினார். "வாங்கோடி," என்றார் மற்ற இருவரையும்.

ஏறியதும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, கருவாட்டுக்கு உப்புப் போதாத கதையைத் தொடங்கிவிட்டார்கள். வளைவு வந்தது. பெட்டி சாய்ந்தது. அதோடு சேர்ந்து அவர்களும் சாய்ந்தார்கள், கதையும் சாய்ந்தது, ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த வளைவு. அதற்கடுத்தது. புறப்பட்ட இடத்தில் வந்து பிரேக்கை அழுத்தினேன்.

"ஏன்டி நிப்பாட்டினாய்?" என்றார் அம்மா.

"சுத்து முடிஞ்சுது."

"இது கணக்கில்லை," என்றார் அப்பா. "நாங்கள் ஏறுறதெண்டுதான் பேச்சு."

"அப்ப நாங்கள் ஆக்கள் இல்லையோ?" அம்மா பெட்டியை விட்டு இறங்கவில்லை. "பிள்ளை, நீ ஓட்டு."

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தன் சேட்டுப் பைக்குள் இருந்த மணலைக் கொட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"அப்ப என்ர போட்டை எங்க ஏத்துறது?"

"என்ர வளவில ஏத்துங்கோ, இடம் சும்மாதானே கிடக்கு," என்றார் பக்கத்து வீட்டு மாமி, அம்மாவின் இடுப்பை விடாமல். "ஆனா பின்னேரத்தில நான் இதில ஏறுவன். இப்பவே சொல்லிப்போட்டன்."

படகு மாமியின் வளவுக்குப் போனது. என் கோச்சி வெயில் தாழ்ந்த பின்னேரங்களில் மாமியைச் சுமந்தபடி ஓடுகிறது. அப்பாவும் ஏறலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன், அம்மாவுக்குப் பின்னால், அவர் சாயும் பக்கம் சாய்வதென்றால்.