நடந்தால் பேசிக்கொள்வார்கள்

என் அக்காவுக்கு அலுவலகத்தில் ‘இஞ்சிடேப்’ என்று பெயர். கைப்பையில் சீப்பு இருக்காது, டேப் இருக்கும். கட்டடக்கலை படித்தவள்தான், ஆனால் அவளை யாரும் வரையச் சொல்வதில்லை. ஆட்கள் குடியேறிய கட்டடத்துக்குப் போய், எது உதவுகிறது, எது படுத்துகிறது என்று கேட்டு, அளந்து எழுதி வருவது அவள் வேலை. அதை வைத்துப் பேராசிரியர் கட்டுரை எழுதுவார். கட்டுரையை வைத்து அடுத்த கட்டடத்தை வரைவார்கள். கல்லூரியில் அவர் பேராசிரியர், அலுவலகத்தில் முதலாளி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நான் சொன்னால் அக்கா முறைப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அத்தானிடம் விட்டுவிட்டு ஓடுவாள். அவ்வளவு மரியாதை அந்த மனிதர் மேல்.

அவர்கள் கட்டிய முதியோர் இல்லம் ஒன்று விருது வாங்கியது. அங்கே அறைக்குள் கழிப்பறை கிடையாது. நீண்ட நடைபாதையின் கடைசியில் மொத்தமாக வைத்திருந்தார்கள். இடம் இல்லாமல் இல்லை. அறைக்குள் அடைந்து கிடக்கிறவர்கள் அதற்காவது எழுந்து நடப்பார்கள், வழியில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்வார்கள் என்பது பேராசிரியரின் ஆராய்ச்சி முடிவு. மூத்திரத்தை அடக்கிக்கொண்டு போகிறவன் நின்று என்ன பேசுவான்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்!

அக்கா அங்கே போனாள். கதவைத் திறந்ததும் நாற்றம் மூக்கில் அடித்ததாம். கட்டிலுக்குக் கட்டில் அடியில் ஒரு வாளி, மேலே மூடிய தட்டு. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் வெட்கத்தோடு வாளியைக் காலால் உள்ளே தள்ளினார்.

“நான் போய்ச் சேர்றதுக்குள்ள அது வந்துடுதும்மா. பக்கத்துல புதுக் கட்டடம் வருதாமே, எங்களை அங்க மாத்துறாங்களாம். அதுல ரூமுக்குள்ளயே வெச்சிடுவாங்களா?”

“வெச்சிடுவாங்கய்யா. நான் சொல்றேன்” என்றாள் அக்கா.

வாளி, நாற்றம், ஈ, ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தாள். கட்டுரை அச்சில் வந்தது. ‘குடியிருப்போர் தங்கள் அறையைத் தமக்கேற்ற வகையில் ஆக்கபூர்வமாக மாற்றிக்கொள்கின்றனர்’ என்று ஒரு வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் வாளியை வாக்கியத்தில் மறைத்துவிட்டார்கள். கீழே என் அக்காவின் பெயரும் இருந்தது. 

அவள் நேரே பேராசிரியரிடம் போய்க் கேட்டாள். “சார், புதுசுலயாவது ரூமுக்குள்ள டாய்லெட் வேணும்.”

“கவலைப்படாதம்மா. உன் ஆராய்ச்சி டிசைன்ல கண்டிப்பா வரும்” என்றார். அன்றைக்கு அக்கா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

புது வரைபடத்தை எல்லோரையும் கூட்டிவைத்துக் காட்டினார்கள். கழிப்பறை பழையபடி நடைபாதைக் கடைசியில்தான். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், கட்டில் மட்டத்தில், அழகாக வளைத்து ஒரு மாடம். அதற்கு மரக்கதவு, காற்றுப் போகத் துளை வேறு. வாளி வைக்க!

“நேரா உன் ரிப்போர்ட்ல இருந்து எடுத்தது. ஆராய்ச்சிக்கும் தொழிலுக்கும் பாலம்னா இதுதான்” என்றார் பேராசிரியர். கை தட்டினார்கள்.

“அவங்க வாளி கேக்கல சார்.”

“அவங்க கேக்கறது வேற, நடந்துக்கறது வேறம்மா. நாம நடத்தையைத்தான் படிக்கிறோம்.”

படித்துக் கிழித்தார்கள். ஒருநாள் அந்த வாளியை இவர் காலி செய்யட்டும், அப்புறம் பாலம் கட்டலாம்.

மறுநாள் அக்கா இல்லத்துக்கு, அந்த பஸ் ஓட்டுநரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். கழிப்பறை வராது, மாடம்தான் வரும் என்றாள். அவர் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியைப் பார்த்தார்.

“அப்போ குனிஞ்சு எடுக்க வேணாம்ல?”

“வேணாம்.”

“நீ சொல்லித்தான் செஞ்சாங்களா?”

அக்கா தலையாட்டினாளாம்.

“நல்லா இருக்கணும்மா நீ. எங்களுக்காக யாரு இவ்வளவு யோசிக்கறா?”

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என்னிடம் இதைச் சொன்னாள். அத்தான் சாப்பிடக் கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

“திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்டி” என்றாள். “வாழ்த்தினாருடி.”