முப்பத்தைந்து பெட்டி மண்

ஆலங்குடிப் பக்கம் மண்வேலைக்குப் போகிறவர்களில் முனியாயியின் அளவைத் தட்டிப் பேச ஆள் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவள்தான். வெட்டிய குழியைச் சுற்றி ஒரு நடை நடந்து இத்தனை கன அடி என்பாள். டேப்பும் அதையே சொல்லும். ஆழம் தெரிவதற்காக நடுவில் சாட்சியாக விடும் மண்திட்டை, யாரும் பார்க்காதபோது மேலே மண் போட்டு உயர்த்தும் திருட்டெல்லாம் அவள் ஆட்களிடம் நடக்காது. அவள் சொல்லை நம்பித்தான் நாற்பது பேர் மண்வெட்டியோடு அவள் பின்னால் போனார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் கண்மாய் வேலைக்கு மீட்டர் டேப் வந்தது. ஒரு மீட்டர் மூணேகால் அடி என்று புது ஓவர்சியர் சூசைராஜ் சொன்னார். முனியாயி தலையாட்டினாள். ஆனால் ஆயிரம் கன அடிக் குழியை அளந்து அவர் இருபத்தெட்டு கன மீட்டர் என்று எழுதியதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூணேகால் அடிக்கு ஒன்று என்றால் முந்நூறாவது வர வேண்டாமா? வெட்டிய மண்ணுக்குத்தானே கூலி?

கரைமேல் ஏறி நின்று, மரியாதை குறையாமலே திட்டினாள். "எங்க ஒழைப்பத் திருடுறீங்க ஐயா. நீங்க திருடன்."

நாற்பது பேரும் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள்.

ஒரு கன மீட்டர் என்பது முப்பத்தைந்து கன அடி என்று சூசைராஜ் புத்தகத்தைக் காட்டினார்.

"புஸ்தகம் ஒங்களுது. மண்ணு எங்களுது" என்றவள், நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டராக ஒரு குழி வெட்டச் சொன்னாள். ஜல்லி அளக்கும் ஒரு கன அடிப் பெட்டியில் தானே மண்ணை அள்ளினாள். "மூணேகால் பெட்டியில ரொம்பிரும். பாருங்க."

நாலு பெட்டி கொட்டியும் மண் கணுக்கால் உயரத்தைத் தாண்டவில்லை. பதினோராவது பெட்டியில்தான் ஓரடி ஏறியது. அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. நீளம் மட்டுமா கூடியது? அகலமும் ஆழமும் அல்லவா கூடவே கூடியிருக்கின்றன. வெட்கம் பிடுங்கித் தின்றது. உடம்புக்கு முடியவில்லை என்று நழுவியிருக்கலாம். அவள் நழுவவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று என்று எல்லார் காதிலும் விழ எண்ணிக்கொண்டே கொட்டினாள்.

"போதும்க்கா, வெளங்கிருச்சு" என்று அவள் ஆட்களில் ஒருவனான ஆண்டியப்பன் வந்து பெட்டியைப் பிடித்தான்.

"அங்கிட்டுப் போ" என்றாள்.

முப்பத்தைந்தாவது பெட்டியில் குழி வாய்வரை வந்தது. ஒரு விரல் கனம்தான் பாக்கி.

முனியாயி நேரே கரையேறி, முன்பு நின்ற அதே இடத்தில் நின்று, அதே குரலில் சொன்னாள். "ஐயா திருடன் இல்ல. நாஞ் சொன்னதுதான் தப்பு."

அவள் இறங்கி வந்து தன் மண்வெட்டியை எடுத்தாள். அதன் பிறகுதான் நாற்பது பேரும் எடுத்தார்கள்.