ஷமீம் டீச்சரின் வெள்ளிக்கிழமை விருந்தாளிகள்

ஷமீம் டீச்சரின் கணவர் காதர் பாய் போன் செய்தபோது நான் தாம்பரம் மார்க்கெட்டில் கீரைக்காரம்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "டீச்சர், ஷமீம் மௌத்தாயிட்டா. சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். வந்துடுங்க" என்றார். எடுத்த கீரையை அங்கேயே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். அஸ்தினாபுரம் போய்ச் சேரும்வரை என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆட்டோக்காரரிடம் பாட்டை நிறுத்தச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஷமீம் டீச்சர் அலைந்தது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்தோம்? போய்ப் பார்த்தோம், ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுத்தோம், திரும்பி வந்தோம். வேறு என்ன செய்ய முடியும் என்று இப்போதும் தெரியவில்லை.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த நம் தொடக்கப் பள்ளியில் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். ஒரு காலத்தில் அங்கே விவசாயம் பார்த்த குடும்பம் ஆரம்பித்த பள்ளி அது. சுற்றிலும் அடுக்குமாடிகள் முளைத்தன. தெருவுக்குத் தெரு இங்கிலீஷ் மீடியம் வேன் வந்து நின்றது. ஒவ்வொரு ஜூன் மாதமும் நம் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தார்கள். இப்படியே போனால் பள்ளியை மூடி இடத்தை விற்றுவிடுவார்கள் என்று பால்காரர் வரைக்கும் பேச்சு. நானெல்லாம் தலைவிதி என்று விட்டுவிட்டேன். ஷமீம் டீச்சர் விடவில்லை.

அப்போது அவர் ஆரம்பித்ததுதான் வெள்ளிக்கிழமை விருந்தாளி. கடைசிப் பீரியடில் அக்கம்பக்கத்து ஆள் யாராவது ஒருவர் வர வேண்டும். முக்கியமாகப் பிள்ளைகளின் அப்பா அம்மா. பேசக்கூடாது, தன் வேலையைச் செய்துகாட்ட வேண்டும், பிள்ளைகளையும் செய்யவிட வேண்டும். வாசலிலிருந்து விருந்தாளியின் கையைப் பிடித்து அழைத்து வருவதும் பிள்ளைகள்தான். ஒரு மாலையாவது போடலாமே என்று கேட்டேன். "மாலை போட்டா அவர் மேடையைத் தேடுவாரு டீச்சர். பசங்க கையைப் புடிச்சா தரையில ஒக்காருவாரு" என்றார்.

எனக்கு முதலில் இது பெரிய பேஜாராகத்தான் இருந்தது. பெருங்களத்தூர் சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் வந்து கைகாட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் நம் பையன்கள் பள்ளி வாசலில் நின்று ஷேர் ஆட்டோக்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஓட்டுநர்களின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டது நான். ஒரு வாரம் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்தார். வெள்ளைப் புடவையைப் பார்த்ததுமே பாதி வகுப்பு பின்பக்கச் சுவரேறிக் குதித்துவிட்டது. ஷமீம் டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்த முருகன் வந்த வெள்ளிக்கிழமையைப் பார்த்த பிறகுதான் நான் வாயை மூடினேன். மகள் ஜோதியை வேறு பள்ளியில் சேர்க்க அவர் அதற்குள் எல்லாம் பேசி முடித்திருந்தார். ஒரு பொட்டலம் இரும்புத்தூளும் காந்தமும் கொண்டுவந்து, காகிதத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்திக் காட்டினார். தூள் எழுந்து நடந்தது. "ஜோதி, உங்கப்பா சூப்பரா கீறாரு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. போகும்போது, "இருக்கட்டும் மிஸ். பொண்ணு இங்கயே படிக்கட்டும்" என்றார். அந்த வருடம் இன்னும் சில பெற்றோரும் மனம் மாறினார்கள். பள்ளி பிழைத்துக்கொள்ளும் என்று நானே நம்ப ஆரம்பித்தேன். நம்பியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு, பொங்கல் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை. வருவதாகச் சொன்ன எலக்ட்ரீஷியன் வரவில்லை. வாசலில் காத்திருந்த பிள்ளைகள் வாடிப்போய் நின்றார்கள். அப்போது, பள்ளியை நடத்திய குடும்பத்தில் ஒருவரான செயலாளரின் கார் வந்து நின்றது. செயலாளர் போனில் பேசியபடி காரிலேயே இருக்க, தோளில் பையோடு ஒருவர் மட்டும் இறங்கினார். பிள்ளைகள் வேறென்ன நினைப்பார்கள்? ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள். "வாங்க சார், வாங்க சார்!" பள்ளியின் உபசாரம் போலிருக்கிறது என்று எண்ணி அவரும் சிரித்துக்கொண்டே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"உங்க வேலை இன்னா சார்?"

"இடம் அளக்கறது."

"அளந்து காட்டுங்க சார்!"

அவர் பையிலிருந்து நீளமான டேப்பை எடுத்தார். ஓடிப்போய்த் தடுக்கப் பார்த்தேன். ஷமீம் டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "விடுங்க டீச்சர். நாம தடுத்தா மட்டும் நாளைக்கு அளக்காம போயிடுவாங்களா? பசங்க ஆசையா கூட்டிட்டு வந்துட்டாங்க" என்றார்.

டேப்பின் ஒரு முனையை ஜோதி பிடித்துக்கொண்டாள். சுவர் ஓரமாகவும், வேப்பமரத்தைச் சுற்றியும், கழிப்பறைக்குப் பின்னாலும் பிள்ளைகள் ஓடி ஓடி அளந்தார்கள். அவர் சொன்ன அளவையெல்லாம் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். அவ்வளவு சந்தோஷமான வெள்ளிக்கிழமையை நான் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஜோதி கேட்டாள்: "அளந்து இன்னா பண்ணுவீங்க சார்?"

அவர் எங்களைப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். குனிந்து டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். பிள்ளைகள் கேட்கும் கேள்வியை மழுப்பக்கூடாது என்பது ஷமீம் டீச்சரின் பிடிவாதம். அதனால் டீச்சரே சொன்னார்: "இங்க வீடு கட்டுவாங்கம்மா."

"ஹை, மாடி வூடா? அப்ப நாங்க எங்க ஒக்காருவோம்?" என்றான் ஒரு பையன்.

ஷமீம் டீச்சர் அந்தப் பையனைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "சாருக்குக் கை தட்டுங்க" என்றார். பிள்ளைகள் தட்டினார்கள். அந்த மனிதர் நிமிர்ந்து பார்க்காமல் வாசலுக்குப் போனார்.

அவர் பின்னாலேயே ஷமீம் டீச்சரும் காரடிக்குப் போய், "சார், இன்னும் ஒரு வருஷம் பாக்கலாமே" என்று கேட்டார். "என் கையில என்ன டீச்சர் இருக்கு? அண்ணன் தம்பிங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு" என்றார் செயலாளர். அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் முகமும் செத்துத்தான் கிடந்தது.

முழுப் பரீட்சையோடு பள்ளியை மூடினார்கள். ஷமீம் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் தானே அழைத்துப்போய் வேறு பள்ளிகளில் சேர்த்தார். ஆசிரியர்களான எங்களை ஆளுக்கொரு பள்ளியில் போட்டார்கள். போன இடத்தில் ஷமீம் டீச்சர் வெள்ளிக்கிழமை விருந்தாளிக்கு அனுமதி கேட்டாராம். "போர்ஷன் முடியட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்களாம். போர்ஷன் என்றைக்கு முடிந்திருக்கிறது? அதற்குள் உடம்பு படுத்துவிட்டது.

அடக்கத்தன்று வீட்டின் உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் சொன்ன பிறகுதான் ஜோதி என்று தெரிந்தது. கேட்டாள்: "மிஸ், அன்னிக்கு நாந்தானே டேப்பு புடிச்சேன். எதுக்குன்னு அப்போ தெரியாது மிஸ். டீச்சர் என்னைப் பத்தி எதனா சொன்னாங்களா?"

சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, காலி வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "பாத்தீங்களா டீச்சர், அந்தப் பொண்ணு டேப்பை ஆடாம அசையாம எவ்வளவு அழகா புடிச்சிருந்தா."

அதை அப்படியே ஜோதியிடம் சொன்னேன். அவள் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். சொல்லியிருக்கலாமா, கூடாதா, எனக்குத் தெரியவில்லை. ஷமீம் டீச்சர் எவ்வளவோ பேசியிருக்கிறார். என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு பேச்சுதான். அதைப் பெருமையாகச் சொன்னாரா, நெஞ்சு வெடித்துச் சொன்னாரா என்று இன்றுவரை பிடிபடவில்லை. அவரையே ஒருநாள் கேட்டுவிடலாம் என்று இத்தனை வருடம் தள்ளிப்போட்டு வந்தேன். ஜோதியின் தலையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, அவரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார்கள்.