பட்டியல் என்னுடையது, பெயர் அவருடையது

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆரணியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

சண்டைப் படம் எடுக்கும் விதத்தையே மாற்றிய ஓர் இயக்குநர் இருக்கிறார். அவர் படங்கள் என்றால் எனக்கு உயிர். அவருடைய ரசிகர்கள் எங்கள் ஊரில் ஒரு போட்டி வைத்தார்கள். அவர் எடுத்த பத்துப் படங்களையும் தரவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். அவரிடம் பல வருடம் வேலை பார்த்த சண்டைப் பயிற்சியாளர் ஒருவர் வந்து பரிசு கொடுப்பார் என்றார்கள்.

நான் செய்யாறில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். போக வர கம்பெனி பஸ்ஸில், செல்போனிலேயே பத்துப் படங்களையும் திரும்பப் பார்த்தேன். எட்டுப் பக்கம் எழுதினேன். கொடுக்கப் போகும் சமயத்தில் என் கணவர், "உன் பேரப் போட்டா சிரிப்பானுங்க. பொம்பளைக்கு ஃபைட்டப் பத்தி இன்னா தெரியும்பானுங்க. என் பேர்ல குடுத்துடறேன்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

என் பட்டியலுக்கே முதல் பரிசு. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினால் என்னைக் கைகாட்டுவார் என்று புடவையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். அவர் மைக்கை வாங்கி, "ராவெல்லாம் கண் முழிச்சு எழுதினேங்க" என்றார்.

அந்தப் பயிற்சியாளர் காகிதத்தைப் புரட்டியபடி, ஓடாத படத்தைப் போய் ஏன் முதலில் வைத்தீர்கள் என்று கேட்டார். "அதுல ஃபைட்டு சூப்பரா இருக்கும் சார்" என்று என் கணவர் இழுத்தார். அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை.

நான் எழுந்துவிட்டேன்.

"சார், மத்த படத்துல எல்லாம் ஹீரோ பத்து பேர அடிச்சிட்டு சட்டைய உதறிகினு போய்டுவாரு. இதுல மட்டும் அடிச்ச கை நடுங்கும். தண்ணி டம்ளரக்கூட அவரால புடிக்க முடியாது. அடிக்கறவனுக்கும் வலிக்கும்னு காட்டினது அந்த ஒரு படந்தான். அதான் மொதல்ல வெச்சேன்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. விழா நடத்தியவர், "அக்கா, ஒக்காருங்க. வீட்டு விஷயத்த வீட்ல பேசிக்கலாம்" என்றார். அதைக் கேட்டதும் கோபம் தலைக்கேறியது. "இது வீட்டு விஷயம் இல்லீங்க. அந்த எட்டுப் பக்கமும் நான் எழுதினது" என்றேன்.

பயிற்சியாளர் விழா நடத்தியவரைக் கையமர்த்தினார். "அவங்க பேசட்டும். அந்த சீன் எடுக்கும்போது நான் பக்கத்துல இருந்தேன். இத்தன வருஷத்துல அதப் பத்தி யாரும் எங்கிட்ட கேட்டதில்ல" என்றார். அடுத்தடுத்து நாலைந்து படங்களைப் பற்றிக் கேட்டார். நின்ற இடத்திலிருந்தே பதில் சொன்னேன். என் கணவர் மேடையில் கேடயத்தைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேடயத்தில் பெயரை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். இதுவரை தரவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்ட. கொஞ்சம் பொறுத்திருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"மைக்கு உங்க கையிலதான இருந்துச்சு?" என்றேன். ஒரு வாரம் கழித்து, செய்தது தப்புதான் என்று ஒப்புக்கொண்டார்.

அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது. ஆனால், சிரிப்பார்கள் என்று சொன்னவுடன் என் பெயரை நானே விட்டுக்கொடுத்தேனே, அந்தக் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது ஆறக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன்.