முதலில் எஞ்சின், அப்புறம் குழாய்

குழாயக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. நீச்சல் தெரியாது. ஆறு ஜெட் ஸ்கீக்களின் உயிரைக் கையில் வைத்திருப்பவருக்கு இது ஒரு குறை என்று சிலர் நினைக்கலாம். அவர் நினைக்கவில்லை. "பல் டாக்டர் என்ன, எல்லாரையும் கடிச்சுப் பாத்தா வைத்தியம் பண்றாரு?" என்பது அவர் வாதம். இதற்கு இன்றுவரை யாரும் மறுப்புச் சொன்னதில்லை, ஒருமுறை சவாரிக்கு வந்திருந்த பல் டாக்டர் உட்பட.

ஜெட் ஸ்கீயைப் பார்க்காதவர்கள், தண்ணீர் மேல் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளலாம். சக்கரம் கிடையாது. வயிற்றுக்கு அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சியடித்து, அந்த உந்துதலில் முன்னால் பாயும். உப்பங்கழிக் கரையில் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் இப்படி ஆறு வண்டிகள் கால் மணி நேர வாடகைக்கு நிற்கின்றன. முதலாளி, அக்காவின் சொந்தத் தம்பி. டிக்கெட் கிழித்து லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுபவர், அக்காவின் வீட்டுக்காரர். ஆக, சண்டைக்கு வெளியாள் தேவைப்படாத நிறுவனம்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பதை ஊரெல்லாம் மனிதர்களுக்கான நீதியாக நினைத்துக்கொண்டிருக்க, அதை எஞ்சினுக்கான சட்டமாக அமல்படுத்தியவர் அக்கா. பகலெல்லாம் உப்புத்தண்ணீர் குடித்த வண்டிக்குச் சாயங்காலம் நல்ல தண்ணீர் கொடுக்காமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. சொந்தக் கல்யாண நாளன்றும் போகவில்லை. வீட்டுக்காரர் அன்று கேக்கோடு வந்து, வண்டி காயும்வரை காத்திருந்து, பாதியைத் தாமே தின்றுவிட்டார்.

அக்காவின் சாயங்காலம் இப்படி நடக்கும்: வண்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சிமெண்டுத் தரைக்கு இழுத்து வந்து, குழாயை மாட்டுவார். எஞ்சினைக் கிளப்புவார். அதன் பிறகுதான் தண்ணீரைத் திறப்பார். இரண்டு நிமிடம் கழித்து முதலில் தண்ணீரை மூடி, எஞ்சினை இரண்டு உறுமல் உறுமவிட்டு, மிச்சத்தைத் துப்பவைத்து, அப்புறம் அணைப்பார். பின்பக்கத்து இரண்டு தக்கைகளையும் கழற்றி, வயிற்றில் தேங்கிய தண்ணீரை ஒழுகவிடுவார். சீட்டைத் தூக்கிவைத்துக் காற்றாடவிட்டு, துருப்பிடிக்கிற இடத்துக்கெல்லாம் எண்ணெய் அடிப்பார். கடைசியில் தரையில் மல்லாந்து படுத்து, அடிவயிற்றுக் கம்பிவலையில் பாசி, கயிறு, பாலிதீன் பை ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று டார்ச்சடித்துப் பார்ப்பார். ஒருமுறை ஒரு பெண்ணின் சவுரிமுடி கிடைத்தது. உரியவர் வந்து கேட்கவில்லை. கேட்டால், தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே.

ஒரு வண்டிக்கு நாற்பது நிமிடம். காலையில் தக்கை, ஆயில், பேட்டரி மூன்றையும் பார்த்த பிறகே அக்கா சாவி கொடுப்பார். அவர் சாவி கொடுக்காத வண்டி தண்ணீரில் இறங்காது. இந்த அதிகாரம் வானத்திலிருந்து விழவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், தம்பி தக்கை போடாமலே ஒரு வண்டியை அனுப்பிவைத்தார். அது கழியின் நடுவில் கௌரவமாக மூழ்கியது. அதில் போன புதுமணத் தம்பதி, லைஃப் ஜாக்கெட்டில் மிதந்தபடியே முக்கால் மணி நேரம் தங்கள் முதல் சண்டையைப் போட்டு முடித்தார்கள். அன்று முதல் சாவிக்கொத்து அக்காவின் இடுப்பில்.

இந்த நிலையில்தான் தம்பியின் மச்சினன் வந்து சேர்ந்தான். முப்பது வயது. மூன்று மாதம் 'இயந்திரப் பராமரிப்பு மேலாண்மை' படித்தவன். மேலாண்மைதான் படித்தான், இயந்திரம் அடுத்த வருடப் பாடமாம். வந்த மறுநாளே வண்ண வண்ணக் கட்டங்கள் போட்ட ஒரு தாளை லேமினேட் செய்து சுவரில் ஒட்டினான்.

"மாமா, வண்டிக்கு நாப்பது நிமிஷம் எதுக்கு? பன்னெண்டே நிமிஷம். மிச்ச நேரத்துல இன்னும் ரெண்டு சவாரி விடலாம்."

தம்பிக்குப் பன்னிரண்டு என்ற எண் மிகவும் பிடித்துப்போயிற்று. அக்காவிடம் நேராகச் சொல்லத் தைரியம் இல்லாததால், அக்காவின் முதுகிடம் சொன்னார்.

"அக்கா, நாளைக்கு ஒரு கம்பெனிக்காரங்க பன்னெண்டு பேர் வராங்க. ஆறு வண்டியும் கேட்டிருக்காங்க. இன்னிக்கு அவன் பாக்கட்டும். நாளைக்கு ஆறும் ஓடிச்சுன்னா, சாவி அவன்கிட்டயே இருக்கட்டுமே. உனக்கும் வயசாகுதுல்ல?"

"எனக்கு வயசாகுது. உனக்கு எப்பதான் ஆகப்போகுதோ!" என்றார் அக்கா, திரும்பாமலே. "சாவி அவன்கிட்ட இருந்தா, இந்த வண்டி போகக்கூடாதுன்னு யாரு சொல்றது?"

"நீ சொல்லு. அவன் கேட்டுப்பான்."

"சாவி இல்லாதவ சொன்னா அதுக்குப் பேரு பொலம்பல்டா."

வீட்டுக்காரரின் கருத்துக் கேட்கப்பட்டது. "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று முப்பது வருடமாகச் சொல்லிவருவதையே சொல்லிவிட்டு, அவர் லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணப் போனார்.

அக்கா சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். பிறகு, ஸ்பார்க் பிளக்கும் ஆயிலும் வாங்கவேண்டிய வேலை ஞாபகம் வந்தவராக உதிரிபாகக் கடைக்குப் போனார். ஞாபகம் அப்போதுதான் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பியபோது கொட்டகை அமைதியாக இருந்தது. ஆறு வண்டி கழுவுகிற இடத்தில் அமைதி இருப்பது, நாலு குழந்தைகள் இருக்கிற வீட்டில் அமைதி இருப்பதைப் போன்றது. அக்கா நடையைக் கூட்டினார்.

நாலாம் நம்பர் வண்டிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர், காரணம் இருமுறை வருந்தி அழைக்காமல் எழாது. மச்சினன் முதலில் கழுவ எடுத்தது அதைத்தான்; அதன் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினான். 'டக்'.

"கையை எடு!"

அக்கா போட்ட சத்தத்தில் மச்சினன் கையை மட்டுமல்லாமல் காலையும் எடுத்துவிட்டான். சுவரோரம் போய் நின்றான்.

"எது முதல்ல? குழாயா, எஞ்சினா?"

"குழாய்தான்க்கா. நல்லா அஞ்சு நிமிஷம் ஊற வச்சுட்டு..."

"தூங்குறவன் வாயில தண்ணி ஊத்துவியா? எழுப்பி உக்கார வச்சுட்டுத்தான ஊத்தணும்? எஞ்சின் ஓடினா, அது விடுற புகையே தண்ணிய வெளிய தள்ளிரும். ஓடலைன்னா தள்ள யாரு இருக்கா? புகைக்குழாய் ரொம்பி, பின்வாசல் வழியா எஞ்சினுக்குள்ள குடித்தனம் வந்துரும்."

"நீங்க இத சொல்லவே இல்லியேக்கா."

"நீ எங்கப்பா கேட்ட? நீதான் பன்னெண்டு நிமிஷத்துல வந்தியே!"

தம்பி ஓடி வந்தார். நிலைமையைக் கேட்டார். தலையில் கைவைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். "அக்கா, இன்னும் ரெண்டு தடவ அழுத்திப் பாத்தா கிளம்பிராதா?"

"எஞ்சினுக்குள்ள இருக்கிறது காத்துன்னா நசுங்கும். தண்ணி நசுங்காது. நீ அழுத்த அழுத்த உள்ள இருக்கிற கம்பிதான் வளையும். வளைஞ்சுச்சுன்னா மாப்பிள்ளைய மலர்வளையத்தோடதான் பாக்கணும். ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க."

அப்புறம் நடந்ததை வேலை என்று சொல்வதைவிட விசாரணை என்று சொல்லலாம். அக்கா சீட்டைக் கழற்றினார். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார். வண்டியின் மூக்கை உயரத் தூக்கி முட்டுக்கொடுத்து, புகைக்குழாய்த் தண்ணீரைப் பின்பக்கமாக வடியவிட்டார். "இப்ப அழுத்து. ரெண்டு நொடி. அதுக்கு மேல போகாத" என்றார். மச்சினன் அழுத்தினான். பிளக் இருந்த ஓட்டைகளிலிருந்து மூன்று நீரூற்றுகள் எழுந்தன. மிக அருகில் நின்று மேற்பார்வை செய்துகொண்டிருந்த முதலாளி, சட்டைப் பையிலிருந்த செல்போன் உள்பட நனைந்தார்.

"தள்ளி நிக்கச் சொன்னேன்ல?"

"சொன்ன."

ஊற்று தூறலாகி, தூறல் வெறும் மூச்சாகும்வரை விட்டுவிட்டு அழுத்தவைத்தார். ஓட்டைகளில் எண்ணெய் அடித்தார். ஆயில் பார்க்கும் குச்சியை உருவினார். தேன் நிறத்தில் இருக்கவேண்டியது, பால் ஊற்றிக் கலக்கியதுபோல் வெளுத்திருந்தது. கைப்பம்பால் அத்தனையையும் உறிஞ்சியெடுத்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றி, புது பிளக் போட்டார். மச்சினன் பட்டனில் விரல் வைத்தான். மாப்பிள்ளை இருமியது; கெட்டியான வெள்ளைப் புகை விட்டது; பிறகு, இத்தனை நாள் யாரோ தடுத்து வைத்திருந்ததுபோல் உறுமியது.

"குழாய்!" என்றார் அக்கா. இப்போது மச்சினன் குழாயைத் திறந்தான்.

மறுநாள் காலை கம்பெனிக்காரர்கள் பன்னிரண்டு பேரும் ஒரே நிறத் தொப்பியில் வந்து இறங்கினார்கள். நாலாம் நம்பர் மறுபடி கிளம்பியது. தம்பிக்கு முகமெல்லாம் பல்.

"ஆறும் ரெடி!"

"அஞ்சு" என்றார் அக்கா. அவர் குச்சியை உருவிப் பிடித்திருந்தார். "இன்னும் மங்கலா இருக்கு பாரு. உள்ள ஒட்டியிருந்த தண்ணி புது ஆயிலோட கலந்திருக்கு. திரும்ப மாத்தணும். ஓட்டணும். திரும்பப் பாக்கணும். சாயங்காலம்தான்."

"அதான் ஓடுதேக்கா!"

"கரையில ஓடுது. கழி நடுவுல நின்னா, நீ போய்த் தள்ளிக்கிட்டு வருவியா?"

தம்பி தொப்பிக்காரர்களைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு சட்டென்று ஒரு முதலாளித்தனமான யோசனை வந்தது. "சாவி உன்கிட்டதான இருக்கு? நீ சொல்லுடா" என்று மச்சினன் பக்கம் திரும்பினார்.

மச்சினனின் இடுப்பில் ஆறு சாவியும் தொங்கின. 'சரி' என்று சொன்னால் ஆறு வண்டி ஓடும், சாவி அவனுக்கே. அவன் குச்சியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தான். அதில் எந்தக் கட்டத்திலும் 'மங்கல்' என்று ஒரு வார்த்தை இல்லை.

"அஞ்சுதான் மாமா" என்றான்.

அவன் கொத்தைக் கழற்றி அக்காவிடம் நீட்டினான். தம்பி தடுக்கவில்லை. நேற்று நனைந்த செல்போன் இன்னும் விழிக்காததால் வேறு யாரையும் கேட்கவும் வழியில்லை.

"ஏம்மா, நான் முதல்லயே சொன்னேன்ல?" என்றார் வீட்டுக்காரர். எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு தொப்பிக்காரர்களிடம் போனார். "ஒரு வண்டி இன்னிக்கு வராதுங்க. எங்க மெக்கானிக் விடமாட்டேன்னுட்டாங்க."

"ஓடலியா?" என்றார் அவர்களில் மூத்தவர்.

"ஓடுதுங்க. இருந்தும் விடமாட்டாங்களாம்."

மூத்தவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். தரையில் மல்லாந்து கிடந்த ஒரு அம்மாள், டார்ச்சைப் பல்லில் கடித்தபடி இரண்டாம் நம்பர் வண்டியின் அடிவயிற்றைக் குடைந்துகொண்டிருந்தார். "அப்ப மத்த அஞ்சும் அந்தம்மா பாத்து விட்டதுதான?" என்றார் அவர். "முறை வச்சு ஏறிக்கிறோம். என்னை முதல்ல ஏத்துங்க."

அக்கா எழுந்து, தக்கைகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, இரண்டாம் நம்பரின் சாவியை மூத்தவர் கையில் வைத்தார். நாலாம் நம்பர் சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது.

"ஏம்ப்பா, அங்கயே நிக்கிற? பம்பை எடுத்துட்டு வா" என்றார் மச்சினனிடம். "மாப்பிள்ளைக்கு ஆயில் மாத்தணும். நேரத்த மட்டும் பாக்காத."